குறைத்தலும் கொடுத்தலும்

நாற்பது வயதைக் கடந்தவர் உள்ளத்தில் ஒரு கணக்கு எழுவது இயல்பு. இதுவரை ஈட்டியது எத்துணை, இழந்தது எத்துணை, இனி வேண்டுவது யாது, வேண்டாதது யாது என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இளமையில் பெருக்குவதே வாழ்க்கை எனத் தோன்றும். நடுவயதிலோ, பெருக்கியவற்றுள் பாதி சுமையாய் இருக்கக் கண்டு, சிலவற்றை இறக்கி வைக்க மனம் விழையும்.

இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கியம் தரும் விடை யாது எனக் கேட்கும் மாணவனுக்கு வகுப்பறையில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. யாக்கை நிலையாது, செல்வம் நிலையாது, ஆகலின் துறவே சிறந்தது என்பது அவ்விடை. பெருஞ்செல்வத்தை ஒரு நாளில் உதறிச் சென்ற பட்டினத்தாரின் கதை இதற்குச் சான்றாகச் சொல்லப்படும். இவ்விடை பிழையுடையது எனல் இயலாது. ஆயினும் முழுமையுடையது எனலும் இயலாது. துறவுக்கு முன்னரே, மனையில் இருந்தவாறே, மனைவி மக்களோடு கூடி வாழ்வைச் சுருக்கிச் செம்மை செய்துகொள்ளும் நெறியொன்றைப் பழந்தமிழ் நூல்கள் கூறுகின்றன. அந்நெறி போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. ஒருவர் எதனைக் குறைத்தார் என்பதைவிட, யாரோடு கூடிக் குறைத்தார், குறைத்ததை யாருக்குக் கொடுத்தார் என்று வினவுவதே அந்நெறியின் தனித்தன்மை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா எழும் நிலம்

இலக்கிய ஆய்வு நிலத்தை மறந்து நிகழ்தல் ஆகாது. முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் வைத்த மரபு நம்முடையது. ஆதலின் இவ்வினாவைக் கெலாங் பாத்தா என்னும் ஊரில் நிறுத்திப் பார்த்தல் பொருத்தமாகும்.

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில் அமைந்துள்ள இவ்வூரின் பெயருக்கு மலாய் மொழியில் உடைந்த வளையல் என்பது பொருள். இரப்பரும் செம்பனையும் சூழ, மீனவர் சிற்றூர்களும் அலையாத்திக் காடுகளும் அருகிருக்க, நெடுங்காலம் சிற்றூராகவே இருந்த இப்பகுதி, ஒரு தலைமுறைக்குள் உருமாறியது. 1998இல் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியோடு இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் எழுந்தது. 2006இல் இஸ்கந்தார் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பெற்றது. 2009இல் கோத்தா இஸ்கந்தார் மாநில ஆட்சி மையமாயிற்று. தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் தோன்றின. விடியலுக்கு முன்னரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பாலம் கடந்து, இருள் சூழ்ந்தபின் வீடு திரும்பும் உழைப்பாளர் இன்று இவ்வட்டாரத்தில் பலர்.

இத்தகைய ஊரில் நடுவயதினர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியோராக இருந்திருக்கக் கூடும். அவர்கள் வாழ்ந்த லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. எளிமையாக வாழுங்கள் என்று அவர்களுக்கு எவரும் அறிவுரை கூறத் தேவை இருக்கவில்லை. இவரோ வீடும் வண்டியும் கடனும் உடையவர். 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி, ஐம்பது வயதில் சேமிப்பின் ஒரு பகுதியையும் ஐம்பத்தைந்தில் அனைத்தையும் எடுத்துக்கொள்ள இடந்தருகிறது. ஆகவே நடுவயதுக் கணக்கு இந்நாட்டில் வெறும் உள்ளத்துக் கணக்கு மட்டுமன்று. தாளில் எழுதிய எண்ணாகவே அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வீட்டுக் கடனை அடைப்பதா, மகளின் படிப்புக்குக் கொடுப்பதா, பாலம் கடக்கும் வேலையை விட்டுவிட்டுக் குறைந்த ஊதியத்தில் உள்ளூரில் அமைவதா என்னும் வினாக்கள் அவ்வெண்ணைச் சூழ்ந்து நிற்கின்றன. இவருக்குப் பட்டினத்தார் கதையை மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் வியந்து கேட்பார்; பின் வீடு சென்று பழைய கணக்கையே போடுவார்.

நக்கீரர் தரும் அளவு

புறநானூற்றின் 189ஆம் பாடல் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. பொருண்மொழிக்காஞ்சித் துறையைச் சார்ந்தது. கடல் சூழ்ந்த நிலத்தை ஒரு குடைக்கீழ் ஆளும் வேந்தனையும், நள்ளிரவும் நண்பகலும் உறங்காது விலங்கின் பின் ஓடும் கல்லாத வேட்டுவனையும் புலவர் அருகருகே நிறுத்துகிறார். இருவரும் உண்பது நாழியளவு. உடுப்பது இரண்டு ஆடை. பிற தேவைகளும் அவ்வாறே ஒத்தவை என்கிறார். அதனால் செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என முடிக்கிறார். தாமே துய்ப்போம் என்று கருதுவோர் கைநழுவ விடுவன பல எனவும் எச்சரிக்கிறார்.

இப்பாடலை எளிமையைப் போற்றும் பாடலாகக் கற்பிப்பது வழக்கம். ஆயின் அதன் கட்டமைப்பை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நாழியும் இரண்டு ஆடையும் புலவர் விதிக்கும் கட்டுப்பாடுகள் அல்ல. அவை மாந்தர் உடலின் இயற்கை அளவுகள். வேந்தனை நோக்கி, நீ இனிக் குறைத்துண் என்று அவர் கூறவில்லை. நீ இப்போதும் அவ்வளவுதான் உண்கிறாய் என்றே சுட்டுகிறார். அளவை மீறிய பொருள் எவ்வளவு குவிந்தாலும் அது துய்க்கப்படுவதில்லை, கிடக்கிறது. கிடக்கும் பொருளுக்கு ஒரு வழி காட்டுவதே பாடலின் கருத்து. எளிமை இங்குத் தொடக்கப்புள்ளியாக நிற்க, ஈகை முடிபாக அமைகிறது. முடிபை விட்டுவிட்டுத் தொடக்கத்தை மட்டும் கற்பித்தால், பாடல் சிக்கனத்துக்குச் சான்றாகச் சுருங்கிவிடும்.

எளிமையும் வறுமையும்

எளிமையைப் பேசுவோர் தவறாது செய்யவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. விரும்பிக் குறைத்தல் வேறு. இல்லாமையால் குறைதல் வேறு. புறநானூறு இவ்வேறுபாட்டை மறைப்பதில்லை. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், முதுமையால் வருந்தித் தம் நாள் முடியவில்லையே என நோகும் தாயையும், குழந்தைகள் பிசைந்து வருத்த மெலிந்த மனைவியையும், உப்பின்றி வெந்த கீரையையும் 159ஆம் பாடலில் காட்டுகிறார். அதனையடுத்த பாடலில், உணவில்லாத கலங்களைத் திறந்து பார்த்து அழும் மகனை, புலி வருகிறது என்று அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் தாய் தணிக்க முயல்கிறாள். 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலை மறந்து காளான் பூத்த அடுப்பைக் காட்டுகிறார். இவ்வீடுகளில் பொருள் மிகவும் குறைவு. எனினும் இவற்றை எளிய வாழ்வு என எந்தப் புலவரும் புகழவில்லை.

வள்ளுவரும் துறவுக்கு ஓர் அதிகாரமும் நல்குரவுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். 35ஆம் அதிகாரம் முன்னது. 105ஆம் அதிகாரம் பின்னது. ஒன்று அறத்துப்பாலிலும் மற்றொன்று பொருட்பாலிலும் அமைந்தன. பொருளின்மை என்னும் புறத்தோற்றம் ஒன்றாயினும், இரண்டும் ஒரே நிலையாகா என்பதே இவ்வைப்புமுறை உணர்த்துவது. லயத்து வீட்டில் வளர்ந்த தலைமுறையின் வறுமையை, பழங்கால எளிமை என்று இனிக்க இனிக்கப் பேசும் வழக்கம் இன்று பரவி வருகிறது. அது அம்மக்கள் பட்ட பாட்டை மறைப்பதாகும். ஆசிரியர்கள் இதில் விழிப்பாய் இருத்தல் வேண்டும்.

கண்டோர் கூற்றும் தன் கூற்றும்

இனி, துறந்தாரைப் பாடும் இரு பாடல்களை நோக்கலாம். புறநானூற்றின் 251, 252 ஆகியன மாற்பித்தியார் பாடியவை. வாகைத் திணையில் தாபத வாகை என்னும் துறையின. ஓவியம் போன்ற மாளிகையில், குறுந்தொடி அணிந்த பாவை போன்ற மகளிரின் அணிகலன்களை நெகிழச் செய்தவன் ஒருவன். அவன் இன்று மூங்கில் அடர்ந்த மலையில் அருவியாடி, காட்டியானை கொணர்ந்த விறகில் தீ வளர்த்து, முதுகில் தாழ்ந்த சடையை உலர்த்துகிறான். அடுத்த பாடலில், அருவி நீர் பட்டு நிறம் மாறிய சடையோடு தாளி இலை கொய்யும் ஒருவன் காட்சியளிக்கிறான். அவன் முன்னர் மயில் போன்ற மகளிரைச் சொல் என்னும் வலையால் பிடித்த வேட்டுவன்.

சில அடிகளில் ஒரு முழு வாழ்வின் திருப்பத்தைக் காட்டும் இப்பாடல்களின் ஆற்றல் பெரிது. ஆயினும் இங்குப் பேசுபவர் யார் என்று வினவுதல் திறனாய்வாளர் கடமை. துறந்தவன் பேசவில்லை. கண்டோர் பேசுகின்றனர். ஏன் துறந்தான், எவ்வயதில் துறந்தான், துறந்தபின் அமைதி பெற்றானா என்பன எவையும் சொல்லப்படவில்லை. அணிகலன் நெகிழ்ந்த மகளிர் பின்னர் என்ன ஆயினர் என்பதும் சொல்லப்படவில்லை. மாற்பித்தியாரைப் பெண்பாற் புலவர் வரிசையில் வைத்து எண்ணுவாரும் உளர். அவ்வாறு கொண்டால், வியப்போடு கலந்து அப்பாடல்களில் ஒலிக்கும் மெல்லிய குத்தல் இன்னும் தெளிவாகக் கேட்கும். சொல்வலை வீசியவன் என்று அவனை நினைவூட்டுவதில் புகழ்ச்சி மட்டுமா உள்ளது? வலையில் பட்டோரின் பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வையும் அதில் உள்ளதன்றோ?

இதற்கு மாறாக, 243ஆம் பாடலில் முதியவர் ஒருவர் தாமே பேசுகிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து நீராடியதும், மருதக் கிளையில் ஏறிக் கரையிலிருந்தோர் வியக்க நீரில் குதித்ததும், அடியாழத்து மணலை அள்ளிக் காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. இன்று அவர் பூணிட்ட கோலை ஊன்றி, இருமலிடையே சில சொற்களே பேசவல்ல முதுமையில் நிற்கிறார். அக்கோலைக் குறித்த தொடரே புலவருக்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கலாயிற்று. மகளிர் கையின் வளைக்கும் கோலின் பூணுக்கும் தொடி என்னும் ஒரே சொல் வழங்குவது நோக்கத்தக்கது. கையற்று இரங்கும் கையறுநிலைத் துறையில் இப்பாடலை வைத்தனர் முன்னோர். தம் இளமைக்கே தாம் பாடிய இரங்கற்பா இது.

இவ்விரு வகைப் பாடல்களுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் உள்ளது. ஒருபுறம் மலையேறிய துறவி. மறுபுறம் கோலூன்றிய முதியவர். நடுவில், வலிமை குன்றாத, ஆனால் திசை மாற விழையும் மனிதர் எங்கே? வீட்டில் இருந்துகொண்டே மாறுவோர் எங்கே? இவ்விடத்தை நிரப்புவன தொல்காப்பிய நூற்பா ஒன்றும் பெருஞ்சித்திரனார் பாடல் ஒன்றும் ஆகும்.

தொல்காப்பியர் காட்டும் நெறி

பொருளதிகாரத்தின் கற்பியல் முடியுமிடத்தை அடுத்து ஒரு நூற்பா வருகிறது. காம நுகர்ச்சி நிறைவெய்திய பின்னைக் காலத்தில், காவல் நிறைந்த மக்களோடு நெருங்கி, அறம் விரும்பும் சுற்றத்தோடு கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயில வேண்டும். அதுவே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. பழைய உரை மரபு இதனை வீடுபேற்றை நாடும் நெறியோடு இயைத்துப் பொருள் கண்டது. அப்பொருளை மறுக்காமலே, நூற்பாவின் சொற்களை மட்டும் கருத்தில் கொண்டால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, தலைவன் மட்டும் இங்குக் கூறப்படவில்லை. தலைவியும் உடன் கூறப்படுகிறாள். பயிற்சி இருவருக்கும் பொது. மாற்பித்தியார் பாடல்களில் காணாத பெண் இங்கு வாக்கியத்தின் எழுவாயாகவே நிற்கிறாள்.

இரண்டாவது, மக்களும் சுற்றமும் விலக்கப்படவில்லை. மக்களோடு இருத்தலைக் குறிக்க நூற்பா ஆளும் துவன்றுதல் என்னும் சொல், நிறைந்து நெருங்கியிருத்தலை உணர்த்துவது. எனவே இந்நெறி வெறுமையை நோக்கிச் செல்வதன்று. நிறைந்த வீட்டில் நிகழ்வது. குறைக்கப்படுவது வேட்கை; உறவு குறைக்கப்படவில்லை.

மூன்றாவது, கழிந்த காலத்தை நூற்பா பழிக்கவில்லை. நிலையாமை பேசும் பிற்காலப் பாடல்கள் பல, கடந்த வாழ்வை மயக்கம் என்றும் வீண் என்றும் இகழும். தொல்காப்பியரோ, இன்று சிறந்ததைப் பயில்வது நேற்றைய வாழ்வு விளைத்த பயன் என்கிறார். பயிர் முற்றினால்தான் கதிர் சாயும். காதலித்ததும் ஈட்டியதும் மக்களை வளர்த்ததும் பிழைகள் அல்ல. அவை முற்றியதால்தான் இப்பருவம் வந்தது. நடுவயதில் தம் கடந்த காலத்தைக் கண்டு வெட்கி நிற்போருக்கு இதைவிட ஆறுதலான சொல் அரிது.

மனைக்கிழத்திக்குச் சொன்ன சொல்

புறநானூற்றின் 163ஆம் பாடல் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் கூறுவதாக அமைந்தது. மேலே கண்ட பசித்த வீட்டின் தலைவர் இவரே. முதிரமலைத் தலைவனாகிய குமணனிடம் பெரும்பரிசில் பெற்று வீடு திரும்புகிறார். இப்பொழுது அவர் கூறுவது யாது? உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், உன் சுற்றத்தார்க்கும், நம் பசி தீர நெடுநாள் கடன் தந்து உதவியோர்க்கும் கொடு என்கிறார். இன்னார்க்கு என்று பாராதே. என்னைக் கலந்துகொள்ளவும் வேண்டாம். இதனைச் சேர்த்து வைத்து வளமாய் வாழ்வோம் என்றும் எண்ணாதே. எல்லார்க்கும் கொடு என்கிறார்.

இப்பாடல் கொடையின் பெருமையைக் கூறுவது என்ற அளவில் நின்றுவிடுவோர் பலர். அதனினும் நுட்பமான செய்தி, என்னைக் கேட்க வேண்டா என்னும் இடத்தில் உள்ளது. பரிசில் பெற்றவர் அவர். கொடுக்கும் உரிமையை முழுதும் மனைவிக்கு அளிக்கிறார். தாம் முடிவெடுத்துவிட்டு அவளை உடன்படச் செய்யவில்லை. உப்பில்லாக் கீரையை வேகவைத்தவள் அவள். அண்டை வீட்டில் கடன் கேட்டு நின்றவளும் அவளே. யாருக்கு எவ்வளவு கடன்பட்டோம் என்பதை அவளே நன்கு அறிவாள். ஆதலின் அவள் கையே கொடுக்கும் கையாகிறது. வறுமையைச் சுமந்தவள் எளிமையின் கணக்கையும் தானே வகுக்கிறாள். தமிழ் இலக்கியத்தில் இல்லற எளிமைக்கு இதனினும் சிறந்த காட்சி ஒன்றைத் தேடிக் காண்டல் அரிது.

பிசிராந்தையார் பாடிய 191ஆம் பாடலையும் இதனோடு சேர்த்துக் காண்க. ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டோர்க்கு, அவர் தம் நோன்பையோ உணவுமுறையையோ கூறவில்லை. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும், தம் கருத்தறிந்த ஏவலரும், தீமை செய்யாது காக்கும் வேந்தனும், தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோரும் காரணம் என்றார். கவலையற்ற வாழ்வைத் தனியொருவர் தாமே ஆக்கிக்கொள்ள இயலாது; வீடும் ஊரும் ஆட்சியும் அதில் பங்குடையன என்பதே இதன் கருத்து. லயத்து வீட்டை இழந்தோர்க்கும், கடன் சுமையால் பாலம் கடப்போர்க்கும் இக்கருத்து மிகவும் வேண்டுவதாகும்.

எழக்கூடிய தடை

இவ்வாறு கூறுங்கால் ஒரு தடை எழும். திருக்குறளின் துறவு அதிகாரம் முற்றத் துறத்தலையன்றோ வற்புறுத்துகிறது? ஒரு பொருளை வைத்துக்கொண்டாலும் மயக்கம் மீளும் என்றும், முழுதும் துறந்தாரே உயர்நிலை எய்தினர் என்றும் அவ்வதிகாரம் கூறுவது உண்மையே. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆயினும் இரண்டு செய்திகள் கருதற்பாலன. அவ்வதிகாரத்தின் முதற்குறள், எவ்வெப் பொருளினின்று ஒருவர் நீங்குகிறாரோ அவ்வப்பொருளால் அவருக்குத் துன்பமில்லை என்று, ஒவ்வொன்றாய் விலகும் வழியையும் காட்டுகிறது. முழுத்துறவு முடிந்த நிலை. ஒவ்வொன்றாய் விடுதல் அதற்குச் செல்லும் படி. அடுத்து, நூலின் அமைப்பை நோக்குக. இல்லறவியல் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்பவற்றோடு முடிகிறது. துறவறவியல் அருளுடைமையோடு தொடங்குகிறது. துறவு என்னும் அதிகாரம் அதற்குப் பத்து அதிகாரங்களுக்குப் பின்னரே வருகிறது. இடையில் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம், துறவுக்கோலம் பூண்ட பொய்ம்மையைக் கடுமையாகச் சாடுகிறது. கொடுக்கக் கற்காதவர் விடக் கற்றல் இயலாது என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும்.

பிற நாட்டுச் சான்றுகள்

எளிய வாழ்வு பற்றிப் பேசுவோர் பிற நாட்டுச் சான்றுகளையும் காட்டுவர். அமெரிக்கரான தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் குடில் அமைத்து ஈராண்டுக்கு மேல் வாழ்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. மனைவி மக்கள் இலர். குடில் அமைந்த நிலம் நண்பர் எமர்சனுக்கு உரியது. அவர் நூலின் சிறப்பு இதனால் குறையாது. எனினும் நடுவயதுக் குடும்பத்தாருக்கு அது நேரான வழிகாட்டி ஆகாது. உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1910இல், எண்பத்திரண்டாம் வயதில், மனைவி அறியாமல் இரவில் வீட்டைவிட்டுச் சென்று, அஸ்தாபோவோ புகைவண்டி நிலையத்தில் உயிர் நீத்தார். இருவர் கூடிப் போடாத கணக்கு எத்துணைத் துயரத்தில் முடியும் என்பதற்கு அது சான்று.

இவற்றினும் நமக்கு நெருங்கியது காந்தியடிகளின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று. 1901இல் அவர் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, ஆங்கிருந்த இந்தியர் விலையுயர்ந்த பரிசுகளை வழங்கினர். கஸ்தூரிபாய்க்கெனப் பொன் கழுத்தணி ஒன்றும் அவற்றுள் இருந்தது. அனைத்தையும் பொதுப்பணிக்கு ஒப்படைக்க அடிகள் துணிந்தார். முதலில் பிள்ளைகளை இசையச் செய்தார். கஸ்தூரிபாய் எளிதில் உடன்படவில்லை. நாளை வரும் மருமகள்களுக்கு என்ன செய்வது என்று வினவினார். உம் தொண்டுக்குக் கிடைத்ததென்றால், இரவும் பகலும் உமக்காக உழைத்த என் உழைப்பும் தொண்டாகாதா என்றும் கேட்டார். இறுதியில் அணிகள் பொதுநிதியைச் சேர்ந்தன. தம் செயல் சரியே என அடிகள் கருதினார். ஆயினும் மனைவியின் தடையை அவர் தம் வரலாற்றில் மறைக்காது எழுதினார். அப்பகுதிக்கு இலக்கியத் தகுதி வாய்த்தது அதனாலேயே. எளிமை ஒருவருக்கு விடுதலையாகவும் அவர் துணைக்கு இழப்பாகவும் இருத்தல் கூடும் என்னும் உண்மை அதில் பதிவாயிற்று. பெருஞ்சித்திரனார் பாடலைக் கற்ற ஒருவர், கஸ்தூரிபாயின் வினாவுக்கு விடை எளிதன்று என உணர்வார்.

நம் நாட்டுக்குத் திரும்பும் பயன்

மலேசியத் தமிழர் வரலாற்றிலும் குறைத்துக் கொடுத்தல் பொதுநெறியாக மலர்ந்த காலம் உண்டு. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவர் நாற்பது வயதை ஒட்டியவர். குறைந்த கூலியில் வாழ்ந்த தொழிலாளர் தம் சிறு சேமிப்பைப் பங்காகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினர். ஏற்கெனவே குறைவாக இருந்த வீடுகளில் இன்னும் சிறிது குறைத்தனர். அவ்வாறு குறைத்தது ஒரு பொது உடைமையாயிற்று. பிசிராந்தையார் கூறிய வீடும் ஊரும் இங்கு ஒன்றாய் நின்றன.

கெலாங் பாத்தாவின் நடுவயதினர்க்கு இப்பாடல்கள் தரும் பயன் யாது? சேமநிதியை எவ்வாறு பகுப்பது என்று நக்கீரர் சொல்லவில்லை. பாலம் கடக்கும் வேலையை விடலாமா என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. ஆயின் கணக்கைத் தனியே போடாதே என்று இருவரும் சொல்கின்றனர். கணவர் களைத்து ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள விழைந்தால், அக்குறைவை அடுக்களையில் ஈடுசெய்யப் போவது யார் என்று வினவ வேண்டும். மனைவியும் பாலம் கடந்து உழைப்பவராயின், அவர் களைப்பும் அதே ஏட்டில் எழுதப்பட வேண்டும். லயத்தில் வாழ்ந்து இன்று மகன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் தாய்க்கு அக்கணக்கில் இடம் உண்டா என்பதும் வினா. கடனாய் உதவியோர் பட்டியலும் அதில் வர வேண்டும்; பெருஞ்சித்திரனார் அதனை மறக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எளிமை என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர் துறவியர் பெயர்களை அடுக்கிவிட்டு முடிக்கின்றனர். அதற்கு மாறாக, 163ஆம் பாடலையும் 251ஆம் பாடலையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். ஒன்றில் மனைவி கேட்டு நிற்கிறாள். மற்றொன்றில் மகளிர் நினைவாகவே நிற்கின்றனர். இவற்றுள் எது கடினமான வழி என்று மாணவரிடம் கேட்கலாம். தங்கள் வீட்டில் அண்மையில் எது குறைக்கப்பட்டது, அதனைக் குறைக்க முடிவு செய்தவர் யார், அதன் சுமை யார்மீது விழுந்தது என்றும் எழுதச் சொல்லலாம். அவ்வாறு எழுதும் மாணவர், புறநானூற்றைத் தேர்வுக்குரிய நூலாக மட்டும் கருதமாட்டார். தம் தந்தை இரவில் எதனை எண்ணி விழித்திருக்கிறார் என்பதையும், தம் தாய் அதனை அறிந்தும் அறியாதவர்போல் இருப்பதையும் அவர் சிறிது புரிந்துகொள்வார்.